நான்கு தந்திகளும் ஒரு பாரமும்



கல்யாண விருந்தில் இசைக்குழு வாசிக்கும்போது நாம் பாடகரைப் பார்க்கிறோம். டிரம்ஸ் அடிப்பவரையும் பார்க்கிறோம். மேடையின் ஓரத்தில், நான்கே தந்திகள் கட்டிய நீண்ட கித்தாரோடு நிற்பவரை நம்மில் பலர் கவனிப்பதில்லை. அவர் கையை எடுத்துவிட்டால் மட்டும் பாட்டு திடீரென்று மெலிந்துபோகிறது. என்ன குறைந்தது என்று நமக்குச் சொல்லத் தெரிவதில்லை. அவர் வாசிப்பதுதான் பேஸ் கித்தார்.

அதை வாசிப்பவர்கள் நாலு பேர் ஒன்று கூடினால் எதைப் பற்றிப் பேசுவார்கள்? இசையைப் பற்றி என்று நினைப்போம். பெரும்பாலும் எடையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். யாருடைய ஆம்ப்ளிஃபயர் எத்தனை கிலோ, எந்த மண்டபத்தில் மின்தூக்கி கிடையாது, யாருடைய பெட்டியின் கைப்பிடி நடுவழியில் பிய்ந்தது என்பதே பேச்சு. வேடிக்கை என்னவென்றால், இந்த வாத்தியம் பிறந்ததே சுமையைக் குறைப்பதற்காகத்தான்.

முன்பெல்லாம் அமெரிக்க நடனக் குழுக்களில் தாழ்ந்த சுரங்களை வாசித்தது டபுள் பேஸ். ஆள் உயரத்தைத் தாண்டிய வயலின் என்று அதைச் சொல்லலாம். அதைக் காருக்குள் ஏற்றுவது பெரும்பாடு. ஏற்றிக்கொண்டு போனாலும், டிரம்ஸுக்கும் எக்காளங்களுக்கும் நடுவே அதன் ஓசை அமுங்கிப் போகும். பால் டட்மார்க் என்பவர் 1930களில் சியாட்டில் நகரில் மின்சார பேஸ் ஒன்றைச் செய்தார்; அது பரவவில்லை. 1951இல் கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரில் லியோ பெண்டர் செய்ததுதான் உலகெங்கும் பரவியது. பெண்டர் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்து வந்தவர். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது! கழுத்தில் உலோகக் கட்டைகளைப் பதித்தார். விரல் சற்று முன்பின் பட்டாலும் சுரம் பிசகாது. ஆகவே துல்லியம் என்ற பொருளில் ‘பிரிசிஷன் பேஸ்’ என்று பெயர் வைத்தார். தந்தியின் நீளம் 34 அங்குலம். தோளில் மாட்டிக்கொண்டு பேருந்திலும் ஏறிவிடலாம்.

நம் பக்கத்துக்கும் அது விரைவில் வந்து சேர்ந்தது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்துச் சென்றபின், சிங்கப்பூரிலும் தீபகற்பத்திலும் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகக் கித்தார் குழுக்களை அமைத்தார்கள். ‘குகிரான்’ என்று மலாய்மொழியில் பெயர் பெற்ற அக்குழுக்களில் பேஸ் கித்தாருக்கு நிலையான இடம் இருந்தது.

வாத்தியம் இலேசாகிவிட்டது. ஆனால் பாரம் எங்கும் போய்விடவில்லை. ஆம்ப்ளிஃபயருக்கு இடம் மாறிக்கொண்டது. ஏன் என்று பார்ப்போம். பேஸ் கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியலையின் நீளம் 8 மீட்டருக்கும் அதிகம். அதை எழுப்ப ஸ்பீக்கர் மிகுதியான காற்றைத் தள்ளவேண்டும். போதாக்குறைக்கு, நம் செவி தாழ்ந்த ஒலிகளுக்கு மந்தமானது. ஓசை இரு மடங்காகக் கேட்கவேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி தேவைப்படுகிறது. 50 வாட்டுக்குப் பதில் 100 வாட் வாங்கிவிட்டால் ஓசை இரட்டிப்பாகும் என்று நம்பிக் காசைக் கொட்டுவோர் பலர். கிடைப்பது சிறிய உயர்வுதான்.

இந்தக் கணக்குதான் முதுகை ஒடித்தது. 1969இல் ஆம்பெக் நிறுவனம் கொண்டுவந்த எஸ்.வி.டி. என்ற ஆம்ப்ளிஃபயர் 300 வாட் சக்தி கொண்டது. உள்ளே 14 வால்வுகள். தலைப்பகுதி மட்டுமே ஏறத்தாழ 38 கிலோ! அதன் ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கத் துணைக்கு ஆள் வேண்டும். இன்று அதே அளவு சக்தியைத் தரும் புதுவகைக் கருவிகள் இரண்டு மூன்று கிலோவில் கிடைக்கின்றன. இருந்தும், பழைய வால்வின் ஓசைக்காக இடுப்பு வலியைப் பொறுத்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்களோடு நாம் வாதாடி வெல்ல முடியாது.

முதல் சம்பளத்தில் பேஸ் வாங்க நினைக்கும் தம்பி தங்கைகள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சாதாரணக் கித்தாருக்குரிய ஆம்ப்ளிஃபயரில் பேஸை மாட்டி உரக்க வாசித்தால் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்துபோகும். நண்பனிடம் இரவல் வாங்கியதாக இருந்தால் நட்பும் கிழியும். வீட்டில் பயில 20 அல்லது 30 வாட் போதும். டிரம்ஸோடு மேடையேறுவதற்கு 200 வாட்டாவது இல்லாமல் முடியாது. ஆகவே கையிலுள்ள பணம் முழுவதையும் பளபளக்கும் கித்தாருக்கே கொடுத்துவிடாமல் பாதியை மிச்சம் வைப்பது நல்லது.

பெட்டியைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். நம் நாட்டு ஈரக் காற்றில் மரம் மெல்ல வளையும். கழுத்துக்குள் இருக்கும் எஃகுக் கம்பியை அவ்வப்போது முடுக்கிச் சரிசெய்யவேண்டும். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் பசையே இளகிவிடக்கூடும். பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களுக்குத் தடித்த பஞ்சு வைத்த உறை பொருத்தம். லாரியில் மற்றச் சாமான்களோடு அடுக்குவதானால் கட்டைப் பெட்டியே வேண்டும்.

பால் மெக்கார்ட்னி 1961இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாங்கிய ஹோஃப்னர் பேஸ், 1972இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடுபோயிற்று. அரை நூற்றாண்டு கழித்து, தேடிப்பிடித்த ஆர்வலர்களின் முயற்சியால் அது அவரிடமே திரும்பியது. 2024 பிப்ரவரியில் செய்தி வெளியானபோது, வாத்தியத்துக்குச் சில பழுதுவேலைகள் தேவை என்றார்கள். முதலில் வந்த அதே பெட்டியும் கூடவே இருந்தது என்றும் சொன்னார்கள்.

நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே அனுபவசாலிகள் மண்டபத்தாரிடம் இரண்டு கேள்விகள் கேட்டுவிடுகிறார்கள். மேடை எத்தனையாவது மாடி? பேஸை நேரே மண்டபத்தின் ஒலியமைப்பில் இணைக்க ‘டி.ஐ.’ பெட்டி உண்டா? உண்டு என்றால் பெரிய ஸ்பீக்கரை வீட்டிலேயே விட்டுவிடலாம். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் 1960களில் ஒரே விரலால் வாசித்த புகழ்பெற்ற பேஸ் ஓசையும் இப்படி நேரே கம்பிவழி பதிவானதுதான். இல்லை என்று மண்டபத்தார் சொன்னால், ஸ்பீக்கரைத் தூக்க இரண்டு பேரையும், மாற்றுத் தந்தி, மாற்றுக் கம்பி, ஒரு ஃபியூஸ் ஆகியவற்றையும் கொண்டுபோவதுதான் வழி.