உழைப்புக்கு எவ்வளவு உணவு?

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்விச் சங்க விழாவில் சோற்றுக் கணக்கு எதற்கு என்று எண்ண வேண்டா. ஓசூர்த் தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்ப்பவரும், கிருஷ்ணகிரிக் கல் குவாரியில் பாறை உடைப்பவரும் நம்மவரே. உழைப்பே நம் முதல். அம்முதலின் கணக்கை நாம் அறிதல் வேண்டும். பசித்து வரும் பிள்ளை பாடத்தில் பின்தங்குவது அறிவுக் குறைவால் அன்று என்பதை வகுப்பறையில் நாம் பன்னெடுங்காலமாகக் கண்டு வருகிறோம்.

உணவின் ஆற்றலைக் கலோரி என்னும் அளவால் அளக்கின்றனர். அசையாது படுத்திருப்பினும், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு ஒரு கலோரி செலவாகும் என்பது தோராயக் கணக்கு. 50 கிலோ எடையுள்ளவருக்கு 24 மணி நேரத்தில் 1,200 கலோரி. அமர்ந்து பணிபுரிவோர் இதனை 1.4-ஆலும், நடுத்தர உழைப்பாளர் 1.8-ஆலும், கடும் உழைப்பாளர் 2.3-ஆலும் பெருக்க வேண்டும். எழுத்தருக்கு 1,680 கலோரி. அதே எடையுள்ள குவாரித் தொழிலாளிக்கு 2,760. இடையிலுள்ள 1,080 கலோரி, ஏறத்தாழ 340 கிராம் கேழ்வரகு மாவுக்குச் சமம்.

கருவுற்ற தாய்க்கு 350 கலோரியும், முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு 600 கலோரியும் கூடுதலாக வேண்டும். ஆயினும், நம் வீடுகளில் எஞ்சியதை இறுதியில் உண்பவர் யார்? விடையை நாம் அறிவோம். திருத்த வேண்டியவர்களும் நாமே.

இக்கணக்கு அடுப்பங்கரையோடு முடிவதன்று. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் அய்க்ராய்டு வகுத்த உணவு அளவையே, 1957-இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு அடிப்படையாக ஏற்றது. நடுத்தர உழைப்புடையவருக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி; ஒருவர் ஈட்டும் கூலி, குடும்பத்தில் வளர்ந்தோர் மூவர் உண்ணும் அளவைத் தாங்க வேண்டும் என்பது அந்நெறி. பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், முதுமை முதலியவற்றிற்காகக் குறைந்தபட்சக் கூலியில் 25 விழுக்காடு இடம்பெற வேண்டும் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சோற்றோடு கல்வியும் கூலிக் கணக்கில் ஏறியது!

இளைஞர்களே! இன்றிரவே ஒரு குறிப்பேட்டில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் எடை, உழைப்பு, உணவு ஆகியவற்றை எழுதுங்கள். தேவையான உணவுக்கு ஆகும் விலையைக் கூட்டி, கைக்கு வரும் கூலியோடு ஒப்பிடுங்கள். குறை எங்கே என்பது அப்போது விளங்கும். கணக்கறிந்து கேட்பவனின் குரலை எளிதில் தள்ளிவிட இயலாது. அதற்காகவே நாம் கற்கிறோம்.