டிரைவர் அப்டேட்: அரவை நேரத்தில் மிஷினைப் பிரிக்காதீங்க

நிறைய பேர் கேட்ட கேள்வி: "டிரைவரை எத்தனை மாசத்துக்கு ஒருமுறை அப்டேட் பண்ணணும்?"

மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு சர்க்கரை ஆலையை எடுத்துக்கோங்க. கரும்பு வண்டி வரிசையில் நிற்கிற அரவைப் பருவத்தில், நல்லா ஓடுற மிஷினை யாரும் பிரிக்க மாட்டாங்க. பெரிய பராமரிப்பெல்லாம் அரவை முடிஞ்ச பிறகுதான். நம்ம லேப்டாப்புக்கும் அதே கணக்கு.

காரணம், பல டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே ஓடுது. அங்கே தப்பு நடந்தா ஒரு ஆப் மட்டும் மூடாது, மொத்த சிஸ்டமும் விழும். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளோட டிரைவர் படிக்கிற ஒரே ஒரு ஃபைல் பிழையோட வந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தாங்க.

அதுக்காக அப்டேட்டே வேண்டாம்னு அர்த்தமில்லை. மூணு காரணம் போதும்:

ஒண்ணு, பாதுகாப்புத் திருத்தம். இதைத் தள்ளிப்போடாதீங்க, பழைய டிரைவர் ஓட்டையைத் தாக்குறவங்க பயன்படுத்திக்கலாம்.

ரெண்டு, வைஃபை துண்டிக்குது, சவுண்டு வரலை மாதிரி நிஜமான கோளாறு.

மூணு, புது கேம், புது மென்பொருள், புது ஹார்ட்வேர். கிராபிக்ஸ் கார்டுக்கு இதுதான் அடிக்கடி வரும்.

விண்டோஸ் அப்டேட் இல்லைன்னா தயாரிப்பாளரோட தளம், இந்த ரெண்டு இடம் போதும். 'ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும்' ஆப் எதுவும் வேண்டாம். முதல்ல ரீஸ்டோர் பாயின்ட் வைங்க. சொதப்பினா டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' இருக்கு.

நாளைக்கு ஆன்லைன் இன்டர்வியூவா? இன்னிக்கு ராத்திரி டிரைவர் பக்கமே போகாதீங்க. அது உங்க அரவைப் பருவம்!