முத்தை எடுத்தோம், சிப்பியை விட்டோம்



கொற்கை தொட்டுத் தூத்துக்குடி வரைக்கும் இந்தக் கரைக்குப் பெயர் வாங்கித் தந்தது முத்து. குளித்தெடுத்த சிப்பிகளைக் கரையில் குவித்து, சதை அழுகும்வரை விட்டு, அலசி முத்தெடுப்பார்கள். கண்ணெல்லாம் முத்தின் மேல்தான். 1961-இல் தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு முடிந்தபோதும், சிப்பி ஓடு எலும்பு மருத்துவத்துக்கும் உதவக்கூடும் என்று இங்கே யாரும் எண்ணவில்லை.

விபத்தில் எலும்பு நொறுங்கி இடைவெளி விழுந்தால், பல நேரம் நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே கொஞ்சம் வெட்டியெடுத்து நிரப்புகிறார்கள். ஒரு காயத்தை ஆற்ற இன்னொரு காயம்! அந்த இரண்டாவது வெட்டைத் தவிர்க்க வழி தேடியவர்கள் சிப்பி ஓட்டிடம் வந்து சேர்ந்தார்கள்.

ஓட்டின் உட்புறம் மினுங்கும் பூச்சும் முத்தும் ஒரே பொருள். நூற்றுக்குச் சுமார் 95 பங்கு கால்சியம் கார்பனேட். மீதி, புரதம் முதலான உயிர்ப்பொருள். பாரிஸ் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் எவ்லின் லோபெஸும் குழுவினரும், மனித எலும்புச் செல்களோடு இந்தப் பூச்சை வைத்துப் பார்த்தார்கள். செல்கள் புது எலும்பை உருவாக்கத் தொடங்கின. 1992-இல் அந்த முடிவு வெளியானது. ஆட்டின் எலும்பில் பதித்தபோதும் புது எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்தது. எலும்பு மஜ்ஜைச் செல்களையும் பூச்சு தூண்டுகிறது என்று 1999-இல் வந்த ஆய்வு காட்டியது. எலும்புச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்கள் அந்த மஜ்ஜையில் இருக்கின்றன. பூச்சிலிருந்து நீரில் கரைந்து வரும் பொருள்களே அவற்றைத் தூண்டுகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. சிப்பியைப் பொடித்துச் சாப்பிட்டால் முறிந்த எலும்பு கூடிவிடும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம்.

பாரிஸில் ஆராய்ந்தது பிங்டாடா மாக்ஸிமா என்ற பெரிய சிப்பி. நம் கடலடிப் பாறைத்திட்டுகளான பார்களில் வாழ்வது அதன் உறவான பிங்டாடா ஃபுகேட்டா. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி, 1973-இல் இதே சிப்பியில் வளர்ப்பு முத்தை விளைவித்துக் காட்டியது தூத்துக்குடியில். 1981-இல் பொரிப்பகத்தில் சிப்பிக்குஞ்சுகளை உருவாக்கும் முறையும் இங்கேயே கைவந்தது. ஆகவே கடலடிப் பார்களைத் தொடாமலே ஆய்வுக்கு வேண்டிய சிப்பியை வளர்க்க முடியும்.

இதே ஊரில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. சிப்பி வளர்க்கத் தெரிந்தவர்களும் எலும்பு முறிவுக்கு வைத்தியம் பார்ப்பவர்களும் ஒன்றாக உட்கார்ந்து, நம் சிப்பியின் பூச்சை நம் ஆய்வுக்கூடங்களிலேயே சோதிக்க வேண்டும். அதற்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும். முத்துக்குப் பேர்போன ஊர், எலும்பு முறிந்தவர்களை எழுந்து நடக்க வைத்தும் பேர் வாங்கட்டும்.