சம்பளச் செலவும் திரும்பி வந்த வரியும்

 

இங்கே அமெரிக்காவில் கடையும் உணவகமும் நடத்தும் நம் குடும்பத்தார் சிலர், கொரோனா காலத்தில் ஊழியர்களை நிறுத்தாமல் சம்பளம் கொடுத்தார்கள். அதற்காக அரசு சம்பள வரிச் சலுகை வழங்கியது. 2021-இல் ஓர் ஊழியரின் சம்பளத்தில், காலாண்டுக்கு 10,000 டாலர் வரை, 70 சதவீதம் சலுகை.

சலுகையாகத் திரும்பி வந்த தொகையைச் சம்பளச் செலவாகவும் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. 10,000 டாலர் சம்பளம் கொடுத்து 7,000 டாலர் சலுகை பெற்றவர், வருமான வரிக் கணக்கில் 3,000 டாலரையே செலவாகக் காட்டலாம். அவர் கையிலிருந்து போனது அவ்வளவுதானே!

பலருக்குக் காசோலை தாமதமாக வந்தது. அதற்குள் முழுச் சம்பளத்தையும் செலவாகக் காட்டி 2021 கணக்கை முடித்திருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் பழைய கணக்கைத் திருத்தலாம். அல்லது, 2025 மார்ச்சில் ஐ.ஆர்.எஸ். விளக்கியபடி, பணம் வந்த ஆண்டின் வருமானத்தில் அத்தொகையைச் சேர்த்துக் காட்டலாம். இரண்டும் செய்யாவிட்டால், பின்னாளில் வரியோடு வட்டியும் கட்ட நேரிடும்.

கூட்டு வியாபாரமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஒரு கடையின் கணக்கு மாறினால் ஒவ்வொரு பங்காளியின் வரியும் மாறும். ஆகவே வந்த பணத்தைப் பங்கு பிரிக்குமுன் வரிக்குரியதை ஒதுக்கி வையுங்கள். காசோலையையும் அந்த ஆண்டுக் கணக்கையும் கணக்காளரிடம் காட்டுங்கள். ஒரே பணத்தை இருமுறை எழுதாமல் இருப்பதும் அமானிதம் பேணுவதுதான்.