அழுத தாயும் அஞ்சாத தாயும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



தாய்மையைப் பற்றி மேடையில் பேசுவதில் ஓர் இடர் உண்டு. எதைச் சொன்னாலும் அவை தலையசைக்கும், எவரும் மறுக்கமாட்டார்கள். ஆகவே, நாம் நன்கு அறிந்ததாக எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு தாயை எடுத்துக்கொண்டு, அவரைப் பற்றி நம் நெஞ்சில் இருக்கும் ஓவியம் பாதிதான் உண்மை என்று வழக்காட வந்திருக்கிறேன்.

அவர் புனித அகுஸ்தினாரின் அன்னை மோனிக்கா. ஆகஸ்டு 27 தாயின் திருநாள். மறுநாள் மகனின் திருநாள். தறிகெட்டுப்போன பிள்ளையைப் பெற்ற தாய்மார் நம் பங்குகளில் இன்றும் அவரிடம்தான் முறையிடுகிறார்கள். ஆண்டுதோறும் மறையுரையில் நாம் கேட்பதும் ஒன்றுதான்: அம்மையார் பல்லாண்டு அழுதார், மகன் மனந்திரும்பினார். இத்தனை கண்ணீருக்குரிய மகன் அழிந்துபோக மாட்டான் என்று ஓர் ஆயர் அவரைத் தேற்றியதையும் தவறாமல் சொல்வார்கள். அந்த ஆயர் அதைச் சற்றே சலிப்போடு சொன்னார் என்பதைச் சொல்வதில்லை. மகனோடு வாதிட்டுத் திருத்துங்கள் என்று அம்மையார் விடாது வற்புறுத்த, போதும், போய்வாருங்கள் என்று அவர் வழியனுப்பியபோது உதிர்ந்த சொல் அது. அழுது ஓய்கிற பெண்ணிடம் எவரும் சலித்துக்கொள்வதில்லை. விடாப்பிடியாக நிற்பவரிடம்தான் சலிப்பு வரும்.

அம்மையார் பிறந்து வளர்ந்தது வட ஆப்பிரிக்காவில். அவர் மகனைப் பெற்ற தகாஸ்தே என்னும் சிற்றூர் இன்று அல்ஜீரியாவில் சூக் அஹ்ராஸ் என வழங்குகிறது. கணவர் பத்ரீசியுஸ் முன்கோபி. வாழ்நாளின் இறுதியில்தான் திருமுழுக்குப் பெற்றார். 354ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் அகுஸ்தினார் பிறந்தார். சொற்கலை பயின்ற அந்த இளைஞர், மானி என்பவரின் கொள்கையில் ஒன்பதாண்டு தோய்ந்து கிடந்தார். ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் போரே உலகம் என்பது அக்கொள்கை. அப்போது அம்மையார் செய்த முதற்காரியம் அழுதது அன்று. மகனைத் தம் வீட்டில் சேர்க்க மறுத்தார். ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணவும் மறுத்தார். நம் வீடுகளில் எத்தனை தாய்மாருக்கு இது முடியும்?

பின்னர் ஒரு கனவு வந்ததாலேதான் அவர் இணங்கினார். மரத்தாலான அளவுகோல் ஒன்றின்மீது அவர் நிற்கிறார்; ஒளி பொருந்திய இளைஞன் ஒருவன் வந்து, அவர் நிற்கும் இடத்திலேயே மகனும் நிற்பதைக் காட்டுகிறான். இதைக் கேட்ட மகன், நீங்கள் என் கொள்கைக்கு வந்துவிடுவீர்கள் என்பதே இதன் பொருள் என்று சாதுரியமாகத் திரித்துப் பார்த்தார். அம்மையார் ஒரு நொடியும் தயங்கவில்லை. அவன் இருக்கும் இடத்தில் நான் இருப்பேன் என்றா சொல்லப்பட்டது, நான் இருக்கும் இடத்தில் அவன் இருப்பான் என்றன்றோ சொல்லப்பட்டது என்று திருப்பியடித்தார். கனவைவிட அந்த மறுமொழியே தம்மை அசைத்தது என்று மகன் பிற்காலத்தில் ஒப்புக்கொள்கிறார். சொல்லை விற்றுப் பிழைத்தவர் அவர். பள்ளியில் சொற்கலை பயிலாத தாயிடம் சொல்லின் பொருளில் தோற்றார். கவிஞர்கள் இருக்கும் அவையில் இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

383ஆம் ஆண்டு கார்த்தேஜ் துறைமுகத்தில் தாயிடம் பொய் சொல்லிவிட்டு மகன் இரவோடிரவாக உரோமைக்குக் கப்பலேறினார். அவ்விரவு அம்மையார் தங்கிச் செபித்த இடம் புனித சிப்பிரியானின் நினைவிடம். சிப்பிரியான் 258ஆம் ஆண்டு அதே நகரில் தலை வெட்டுண்டு இறந்த ஆயர். விடிந்ததும் கரையில் நின்று அரற்றிய தாயை எல்லோரும் வரைந்திருக்கிறார்கள். ஆனால் அதே தாய் பின்னர் நடுத்தர வயதில் கடல் கடந்தார் என்பதையும், புயலில் மாலுமிகளே கலங்கியபோது அவர்களுக்குத் தேறுதல் கூறியவர் அவரே என்பதையும் யாரும் வரையக் காணோம்.

இனி மிலான் நகருக்கு வருவோம். என் வழக்கின் நடுவிடம் இதுதான்.

384ஆம் ஆண்டில் அகுஸ்தினார் அந்நகரின் சொற்கலைப் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். பேரரசன் தங்கியிருந்த நகர் அது. அரசவைக்குப் புகழுரை இயற்றுவதும் அப்பதவியின் கடமைகளுள் ஒன்று. தாம் பொய்களை அடுக்குவதையும், அவை பொய்யென்று அறிந்தவர்களே அவற்றைப் பாராட்டுவதையும் எண்ணி அவர் மனம் புழுங்கினார். மெய்க்கீர்த்திகளைப் படித்த நமக்கு அந்தப் புழுக்கம் புதிதன்று. பேரரசன் இரண்டாம் வாலந்தீனியனுக்கு அப்போது வயது பதினைந்து அளவே. அவன் பெயரால் ஆட்சியை நடத்தியவர்களுள் முதன்மையானவர் அவன் அன்னை யுஸ்தீனா. அவர் ஆரியுசின் கொள்கையைப் பின்பற்றியவர். (இந்த ஆரியுஸ் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஒரு குரு, நம் நாட்டு ஆரிய விவாதத்துக்கும் அவருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.) கிறிஸ்து தந்தைக்கு நிகரானவர் அல்லர் என்பது அக்கொள்கையின் சாரம். தம் கொள்கையினர் வழிபட ஒரு கோவிலைத் தருமாறு யுஸ்தீனா கேட்டார். ஆயர் அம்புரோசியார் மறுத்தார். 386ஆம் ஆண்டு அரசப் படை கோவிலைச் சூழ்ந்தது. மக்கள் தம் ஆயரோடு இறக்கவும் துணிந்து கோவிலுக்குள் இரவும் பகலும் விழித்திருந்தார்கள்.

அந்த விழிப்பில் முன்வரிசையில் நின்றவர்களுள் ஒருவர் மோனிக்கா. மகனே இதற்குச் சான்று பகர்கிறார். இந்த நிலையைச் சற்று எண்ணிப்பாருங்கள். மகன் அரசவைக்குப் புகழுரை எழுதுகிறவர். தாய், அதே அரசவையின் படை சூழ்ந்த கோவிலுக்குள் இருக்கிறார். மகனின் பதவி என்னாகும் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. ஒரே நகரில் இரு தாய்மார்: ஒருவர் தம் மகனின் அதிகாரத்தைக் கொண்டு கோவிலைக் கேட்கிறார், மற்றவர் தம் மகனின் வாழ்வையே பணயம் வைத்துக் கோவிலைக் காக்கிறார். தாயின் செல்வாக்கு என்று நாம் பொதுப்படப் போற்றுகிறோமே, அது யுஸ்தீனாவிடமும் இருந்தது, சற்று மிகுதியாகவே இருந்தது.

புறநானூற்றில் மகனைப் போருக்கு விடுக்கும் மறக்குடித் தாயை நாம் கொண்டாடுகிறோம். இங்கோ மகன் வரவில்லை. தாய் தாமே போயிருக்கிறார். நகரத்தின் பதற்றம் தம்மையும் தொட்டது, ஆயினும் உள்ளம் இன்னும் குளிர்ந்தே கிடந்தது என்று அகுஸ்தினார் எழுதுகிறார்.

படை சூழ்ந்த அந்த நாள்களில்தான், மக்கள் சோர்ந்துவிடாதிருக்கக் கீழை நாட்டு வழக்கப்படி திருப்பாடல்களையும் புதுப் பாக்களையும் கூடிப்பாடும் முறை அங்கே தொடங்கியது. அம்புரோசியார் தாமே பாக்களை இயற்றினார். அடிக்கு எட்டு ஒலியசை, நான்கடிக்கு ஒரு கண்ணி, ஒரு பாட்டுக்கு எட்டுக் கண்ணிகள். எவரும் எளிதில் மனனம் செய்துகொள்ளத்தக்க அமைப்பு. நம் சிந்துபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்குத் திருச்சபையின் பாமரபு இப்படி ஒரு முற்றுகையில் வேர்கொண்டது; அம்மரபை முதலில் தொண்டையில் ஏந்தியவர்களுள் மோனிக்கா ஒருவர்.

அம்மையாரைக் குறைகாண முடியாதவர் என்று நான் சொல்லவரவில்லை. மகனுக்கு நல்ல குடும்பத்தில் மணம் பேச முனைந்தவர்களில் அவர் முக்கியமானவர். அம்மணத்துக்குத் தடை என்று, மகனோடு பல்லாண்டு வாழ்ந்து அதேயோதாத்துஸ் என்னும் பிள்ளையைப் பெற்றுத் தந்த பெண் விலக்கப்பட்டாள். இனி வேறோர் ஆடவனை அறியேன் என்று இறைவனிடம் வாக்குக் கொடுத்து, பிள்ளையை இங்கேயே விட்டுவிட்டு அவள் ஆப்பிரிக்கா திரும்பினாள். அவளும் ஒரு தாய்தான். அவள் பெயரை அகுஸ்தினார் எங்கும் எழுதவில்லை. பேசப்பட்ட அந்த மணமும் நடக்கவில்லை. அவள் துணிவுக்கு எந்தத் திருநாளும் இல்லை என்பது என்னை உறுத்துகிறது.

386ஆம் ஆண்டு கோடையில் மகன் மனம் மாறினார், பதவியைத் துறந்தார், நண்பர்களோடு காசிச்சியாக்கும் என்னும் நாட்டுப்புற வீட்டில் தங்கினார். அங்கே தம் பிறந்தநாளன்று, இன்பமான வாழ்வு எது என்று ஓர் உரையாடலைத் தொடங்கினார். விரும்பியதைப் பெற்றவர் எல்லோரும் இன்புற்றவரா என்பது கேள்வி. நல்லதை விரும்பிப் பெற்றால் இன்பம். தீயதை விரும்பினால், பெற்றாலும் அவன் இரங்கத்தக்கவனே என்றார் மோனிக்கா. மெய்யியலின் கோட்டையையே பிடித்துவிட்டீர்கள் அம்மா என்று மகன் வியந்தார். சிசெரோவும் அதையே எழுதியிருந்தார் என்பதை அவர் அறிவார். உரையாடலின் இறுதி நாளில் அம்மையார் அம்புரோசியாரின் பாட்டடி ஒன்றை மகிழ்ந்து எடுத்துரைத்தார். முற்றுகையில் பாடியது நாவில் தங்கிவிட்டது போலும். இன்னொரு நாள், நீங்கள் படிக்கும் நூல்களில் பெண்கள் இத்தகைய வாதங்களில் கலந்துகொண்டதாக எங்கேனும் உண்டா என்று அவரே கேட்டார். மகன் அக்கேள்வியையும் அப்படியே நூலில் எழுதுவித்தார்.

387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவின்போது அம்புரோசியாரின் கையால் அகுஸ்தினார் திருமுழுக்குப் பெற்றார். ஊர் திரும்பும் வழியில், ஓஸ்தியா துறைமுகத்தில், ஒன்பது நாள் காய்ச்சலில் மோனிக்கா இறந்தார். வயது 56. கணவரின் அருகே புதைக்கப்பட வேண்டுமென்று வாழ்நாளெல்லாம் விரும்பி இடமும் தேடி வைத்திருந்தவர் அவர். கடைசியில், இவ்வுடலை எங்கே வேண்டுமானாலும் அடக்கம் செய்யுங்கள், அதற்காகக் கவலைப்படாதீர்கள், ஆண்டவரின் பலிபீடத்தில் என்னை நினைத்துக்கொண்டால் போதும் என்றார். அயல்மண்ணில் புதைபட அஞ்சவில்லையா என்று நண்பர்கள் கேட்டதற்கு, இறைவனுக்கு எதுவும் தொலைவில் இல்லை என்றாராம்.

அடக்கத்தின்போது மகன் அழவில்லை. அழக்கூடாது என்று தம்மை அடக்கிக்கொண்டார். குளித்தால் துயரம் கரையும் என்று கேள்விப்பட்டுக் குளியலறைக்குச் சென்றார், கரையவில்லை. உறங்கினார். விழித்துத் தனியே படுக்கையில் கிடந்தபோது, அம்புரோசியாரின் மாலைப் பாட்டு ஒன்று நினைவுக்கு வந்தது. மிலானில் இரவெல்லாம் விழித்துத் தாய் பாடிய அந்தப் பாமரபைச் சேர்ந்த பாட்டு. அதன்பின் மெல்ல மெல்லத் தாயின் நினைவு திரும்ப, அகுஸ்தினார் அழுதார்.

பத்தாண்டுகளுக்குப் பின் அவர் எழுதிய பெருநூலில் தாயின் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அதுவும் பத்ரீசியுசின் பெயரோடு சேர்ந்து. இதைப் படிப்பவர்கள் பலிபீடத்தில் இவ்விருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள் என்று வேண்டுவதற்காக மட்டும் அவர் அப்பெயரை எழுதுகிறார்.