ஒத்தவாடைத் தெருவில் ஒரு க்ரேப்

இந்த எபிசோடைச் சாப்பிடாம கேட்காதீங்க, அவ்வளவுதான் சொல்லுவேன்.

மாமல்லபுரத்துல கிழக்கு ராஜ வீதியில இருந்து கடலைப் பார்த்துப் போகுமே, ஒத்தவாடைத் தெரு, போன சனிக்கிழமை காலையில பைக்கை எடுத்துக்கிட்டு அங்க போனேன். சிற்பக் கடை, லாட்ஜ், நடுநடுவுல சின்னச் சின்ன ரெஸ்டாரன்ட். பல கடை குடும்பமா நடத்துறது. கீழ வீடு, மாடியில நாலு டேபிள். போர்டுல க்ரேப், மூஸ்லி, பனானா பான்கேக்.

தெற்கே சதுரங்கப்பட்டினத்துல டச்சுக்காரங்க கோட்டை இருக்கிறதால, அவங்க விட்டுட்டுப் போன சாப்பாடோன்னு யோசிச்சேன். இல்ல. இது பேக்பேக்கர்கள் கொண்டுவந்த மெனு. கோவாவுல இருந்து தாய்லாந்து வரைக்கும் அவங்க தங்குற ஊர்லெல்லாம் இதே பான்கேக் கிடைக்கும். அந்த ரூட்டுக்கே பனானா பான்கேக் டிரெயில்னு பேர் வந்துடுச்சு.

நான் போன கடையை நடத்துறது ஒரு அக்கா. மாடியில வேற ஆளே இல்ல. "தம்பி, கீழயே வாங்க, பேசிக்கிட்டே ஊத்துறேன்"னாங்க. அடுப்புல ரெண்டு கல். ஒண்ணு வீட்டுக்கு, தோசைக்கு. இன்னொண்ணு க்ரேப்புக்கு மட்டும். ஏன்னு கேட்டா, "தோசைக்கல்லுல வெங்காயம் தேய்ப்போம்ல, அந்த வாசம் ஜாம் வச்ச க்ரேப்புல வந்தா வெள்ளைக்காரங்க மூஞ்சே மாறிடும்." வருஷா வருஷம் வந்து ஒரு மாசம் தங்குற ஒரு பிரெஞ்சுப் பாட்டிதான் இதே அடுப்பு முன்னாடி நின்னு சொல்லிக் கொடுத்தாங்களாம்.

நான் போய்த் தேடிப் படிச்சேன். பிரான்ஸ்ல பிரிட்டானின்னு ஒரு பகுதி. க்ரேப்புக்குப் பேர் போன ஊர். அங்கயும் வட்டமான இரும்புக் கல்தான், பேரு பிலிக். மாவை ஊத்தி, டி மாதிரி ஒரு மரக்கட்டையால சுத்தித் தேய்ப்பாங்க. நம்ம ஆளுங்க கரண்டியால பண்றதை அவங்க கட்டையால பண்றாங்க! காரமா, உப்பா சாப்பிடுற வகைக்கு பக்வீட் மாவு. வடக்க நவராத்திரி விரதத்துக்குச் சாப்பிடுற குட்டு மாவு அதுதான். அக்கா அதை சௌகார்பேட்டையில இருந்து வாங்கிட்டு வர்றாங்க. புளிக்க வைக்காத மாவு, கொஞ்சம் முரண்டு பிடிக்கும். முதல் ஒண்ணு எப்பவும் பிஞ்சிடும், அதை அவங்களே சாப்பிட்டுடுவாங்க. அவங்க காலைச் சாப்பாடு மத்தபடி இட்லிதான்.

2020 மார்ச்ல டூரிஸ்ட் விசா நின்னுச்சு. திரும்ப எல்லாருக்கும் திறந்தது 2021 நவம்பர் 15. இருபது மாசம்! அந்த நேரத்துல கடையைக் காப்பாத்துனது வீக்கெண்டுக்கு வந்த சென்னைக்காரங்க. அவங்க கேட்டது ஃப்ரைட் ரைஸ், சில்லி சிக்கன். இன்னிக்கும் வர்றவங்கள்ல பாதிக்கு மேல நம்ம ஆளுங்கதானாம். மெனு கார்டுல க்ரேப் இப்போ கடைசிப் பக்கத்துக்குப் போயிடுச்சு. பையன் இன்ஜினியரிங் படிக்கிறான், "அம்மா, பேசாம பிரியாணிக் கடை ஆக்கிடு"ன்னு சொல்றானாம். கணக்கு போட்டா அவன் சொல்றது தப்பில்ல. முட்டை, வெண்ணெய், சீஸ் விக்கிற விலைக்கு ரெண்டு டேபிளை நம்பி மாவு கலக்க முடியாது. "இந்த சீசன் பார்ப்போம் தம்பி"ன்னாங்க. சீசன்னா நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும்.

நான் ரெண்டு சாப்பிட்டேன். ஒண்ணு முட்டையும் சீஸும் வச்சது, ஓரமெல்லாம் மொறுமொறுன்னு, நம்ம ரவா தோசை மாதிரி. இன்னொண்ணு எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும்.

காசு கொடுக்கும்போது, "அடுத்த தடவை ஃப்ரெண்ட்ஸோட வாங்க, இதையே கேளுங்க"ன்னு சொன்னாங்க. தலையாட்டிட்டு வந்துட்டேன். போன வருஷம் ஆபீஸ் டீமோட இதே தெருவுல ஒரு மாடி ஏறி, மெனுவைப் பார்த்துட்டு, "பொங்கல் இல்லையா?"ன்னு கேட்டு எழுந்து வந்தவன் நான். அதை அவங்ககிட்ட சொல்லல.