மருந்துக்கு அஞ்சாத கிருமியும் மரபணுக் கத்தரியும்

(நெய்யாற்றின்கரை வட்டத்தின் எல்லைக் கிராமம் ஒன்றில், மாணவர்களும் அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இவ்வூருக்கும் களியக்காவிளைச் சந்தைக்கும் இடையே ஒரு மாநில எல்லை உண்டு. 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றுவிட்டது. உறவு முறையோ வாணிபமோ அதனால் நின்றுவிடவில்லை. மருத்துவரை ஒரு மாநிலத்தில் பார்த்து மருந்தை மறு மாநிலத்தில் வாங்குவதும் இப்பகுதியில் புதுமையன்று. நோய்க் கிருமிகளும் அவ்வாறே எல்லை கடக்கின்றன.

கிருமிகளிடையே நடைபெறும் ஒரு பரிமாற்றத்தை முதலில் சொல்ல வேண்டும். பாக்டீரியாவின் உடலுக்குள், அதன் முதன்மையான மரபுப் பொருளுக்கு அப்பால், பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்கள் இருப்பதுண்டு. மருந்தை முறியடிக்கும் மரபணு அவ்வளையத்தில் அமைந்துவிட்டால், ஓர் இனத்துக் கிருமி அதனை மற்றோர் இனத்துக் கிருமிக்கும் வழங்கிவிடும். நாம் தேவையின்றி விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும், அவ்வளையத்தைப் பெற்ற கிருமிகளை மட்டும் வாழவிட்டு, மற்றவற்றை அகற்றிக் கொடுக்கிறது.

இவ்வகையில் உலகின் கவனத்தை ஈர்த்தது என்.டி.எம்.-1 என்னும் மரபணு. கடைசிப் புகலிடமாகக் கருதப்பட்ட கார்பாபெனம் மருந்துகளையே சிதைக்கும் நொதியை அது உண்டாக்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குமாரசாமி கார்த்திகேயனை முதல் ஆசிரியராகக் கொண்டு 2010இல் வெளிவந்த ஆய்வு, சென்னையில் 44, அரியானாவில் 26 கிருமி மாதிரிகளில் அது இருப்பதை எடுத்துக்காட்டியது. பெயரில் புது டில்லி இடம்பெற்றதைப் பற்றி அப்பொழுது எழுந்த வாதம் பெரிது. கிருமியைப் பற்றிய வாதமும் அவ்வளவு பெரிதாக இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இனிக் கத்தரிக்கு வருவோம். வைரஸ்கள் மனிதரை மட்டுமன்றி பாக்டீரியாவையும் தாக்குகின்றன. அவற்றை ஃபேஜ் என்கிறோம். ஃபேஜின் டி.என்.ஏ.யை அடையாளம் வைத்து வெட்டியெறிய பாக்டீரியாக்கள் தமக்குள் வளர்த்துக்கொண்ட தற்காப்பே கிரிஸ்பர். அதன் காஸ்-9 என்னும் நொதியை நாம் விரும்பும் இடத்தில் வெட்டச் செய்யலாம் என்று 2012இல் நிறுவிய இம்மானுவேல் ஷார்பாந்தியே, ஜெனிஃபர் டௌட்னா ஆகிய இருவரும் 2020இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். ஏறத்தாழ 20 எழுத்து நீளமுள்ள இலக்கு வரிசையைத் தாங்கிய வழிகாட்டி ஆர்.என்.ஏ. ஒன்றை உடன் அனுப்பினால், அதே எழுத்து வரிசை உள்ள இடத்தைத் தேடி நொதி வெட்டுகிறது.

அந்த வழிகாட்டியில் என்.டி.எம்.-1இன் எழுத்து வரிசையையே எழுதிவிட்டால்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் 2014இல் அதனைச் செய்து காட்டினர். அந்த மரபணுவைச் சுமந்த கிருமிகள் தாக்கப்பட்டன, சுமக்காதவை பிழைத்தன. அதே ஆண்டில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தினர் ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமியில் இத்தகைய முறையைக் கையாண்டனர். வெட்டு கிருமியின் முதன்மை டி.என்.ஏ.யில் விழுந்தால் கிருமி மடிகிறது. பிளாஸ்மிட்டில் விழுந்தால் பெரும்பாலும் வளையம் மட்டும் அழிகிறது. கிருமி மீண்டும் பழைய மருந்துக்கு அடங்கும் நிலைக்கு வருகிறது. வழக்கமான மருந்தோ, குடலில் நமக்கு உதவும் பாக்டீரியாவையும் சேர்த்து அழிக்கிறது. களையைப் பறிக்க வயலையே கொளுத்துவதற்கும், நெல்லுக்கு ஊறின்றிக் களையெடுப்பதற்கும் உள்ள வேற்றுமை இது.

ஆயினும் மருத்துவமனையில் இது நாளையே கிடைத்துவிடும் என்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டாம். கத்தரி கூரியது; அதனைக் கிருமிக்குள் கொண்டுசேர்ப்பதே கடினம். சுமந்து செல்லும் ஃபேஜ் எல்லாக் கிருமிக்குள்ளும் நுழையாது. ஒரே இனத்திற்குள்ளேயே சில வகைகளை மட்டும் பற்றும். கோடிக்கணக்கான கிருமிகளில் சில தப்பினாலும் அவை பெருகிவிடும். டென்மார்க்கின் ஸ்னிப்பர் பயோம் நிறுவனம் கிரிஸ்பர் ஏந்திய நான்கு ஃபேஜ்களின் கலவையை மனிதரிடம் முதற்கட்டச் சோதனைக்குக் கொண்டுவந்துள்ளது. இரத்தப் புற்றுநோயாளரின் குடலிலிருந்து ஈ.கோலை இரத்தத்தில் கலப்பதைத் தடுப்பது அதன் நோக்கம். அது குறிவைப்பதும் ஈ.கோலை இனத்தைத்தான், எதிர்ப்பு மரபணுவை மட்டுமன்று. ஆய்வுக்கூடத்தின் நுட்பம் முழுமையாக நோயாளியின் படுக்கையை எட்டவில்லை.

அதுவரை இருக்கும் மருந்துகளைக் கொண்டே காலம் தள்ள வேண்டும். 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணை 24 ஆன்டிபயாடிக் மருந்துகளை உள்ளடக்கியது. மருந்தை எழுதிய மருத்துவர், நோயாளி ஆகியோர் பெயரையும் அளவையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டுகள் காக்க வேண்டும் என்பது விதி. கோழி, கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் தருவதை மைய அரசு 2019இல் தடைசெய்தது. கேரளம் 2018இல் தனிச் செயல்திட்டம் வகுத்தது. 2024இல் மருந்துக் கடைகளில் திடீர்ச் சோதனைகளைத் தொடங்கியது. இம்மருந்துகளை நீல உறையில் இட்டு வழங்கவும் பணித்தது.

நீல உறைத் திட்டம் கேரளத்தின் எல்லையோடு நின்றுவிடுகிறது. எச்-1 பதிவேடோ நாடு முழுமைக்கும் உரியது. ஆகவே அலுவலர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே: திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் மருந்து ஆய்வாளர்கள் மூன்று மாதங்களுக்கு ஒரு முறை, பாறசாலையிலோ களியக்காவிளையிலோ ஒன்றாக அமர்ந்து, எல்லையோரக் கடைகளின் பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்குக் கத்தரி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.